செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் சந்துக்குச் சீக்கிரமே விடிந்துவிடும். கட்டாயப் பட்டாளத்தில் சேர வேண்டிய பையன்கள் எங்கெங்கிருந்தோ எங்கள் ஊர் சுன்சனில் வந்து இறங்குவது அன்றைக்குத்தான். மதியம் இரண்டு மணிக்குள் முகாமுக்குள் போய்விட வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மொட்டை, இரும்புத் தட்டில் வதக்கிய காரக் கோழிக்கறியான ஒரு தக்கல்பி. மொட்டை என் கடையில். தக்கல்பி எதிரே தொக்பேயின் கடையில். சந்தில் இருபது தக்கல்பிக் கடை இருந்தாலும், என் நாற்காலியிலிருந்து எழுகிறவன் தலையைத் தடவிக்கொண்டே நேர் எதிரே இருக்கிற கதவைத்தான் தள்ளுவான். தொக்பேயின் மனைவி மல்சுன் அவன் தலையைப் பார்த்ததுமே தட்டில் ஒரு பிடி கறி கூடப் போடுவாள்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் நவம்பரில் ஒரு செவ்வாய். அன்றைக்குச் சேர வேண்டியவர்களில் அவர்களுடைய ஒரே மகன் இன்மோவும் ஒருவன். வயது இருபத்தொன்று. முந்தின நாள் சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்று, "காலைல ஏழரைக்கு வர்றேன் பெரியப்பா. மொத மொட்டை எனக்குத்தான். வேற எவனையும் உக்கார வச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். காது வரைக்கும் தொங்குகிற முடி. அதை வளர்க்க அவன் இரண்டு வருஷமாக அப்பனோடு சண்டை போட்டிருந்தான்.

மறுநாள் ஆறு மணி இருக்கும். ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். ஏரிகளிலிருந்து ஏறி வந்த பனிமூட்டம் சந்து முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. எதிர்க்கடை போர்டுகூடத் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து இன்மோ வந்தான். தோளில் ஒரு பை.

"என்னடா, குளிக்கப் போறியா?" என்றேன். பொதுக் குளியலறை அந்நேரத்துக்குத்தான் திறக்கும்.

"ம்" என்று தலை குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனான். குளிக்கப் போகிறவன் எதற்குப் பை நிறையத் துணி திணித்துத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஏழரைக்கு வரவில்லை. எட்டு மணிக்குத் தொக்பே வந்தான். வழக்கமாக அவன் நடையைக் கேட்டே யாரென்று சொல்லிவிடலாம். அன்றைக்குச் சத்தமே இல்லாமல் வந்து நின்றான்.

"அண்ணே, பய இங்க வந்தானா?"

"இல்லியே. காலைல குளிக்கப் போறேன்னு போனான்."

"குளியலறைல போய்ப் பாத்துட்டேன். அங்க வரலயாம். பேஜரத் தலகாணி மேலயே வச்சிட்டுப் போயிருக்கான்." அப்புறம் குரலை இறக்கினான். "ஞாயித்துக்கெழம நான் கை நீட்டிட்டேன் அண்ணே."

"எதுக்கு?"

"பயமா இருக்குப்பான்னான். அவ்வளவுதான் சொன்னான். நாட்டுல எல்லா ஆம்பளையும்தான் போறான், ஒனக்கு மட்டும் என்னடா பயம்னு ஓங்கி ஒண்ணு விட்டுட்டேன். பதில் பேசல. பேசியிருந்தாக்கூடப் பரவால்ல."

பை எடுத்துக்கொண்டு போனதைச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பனிக்குள் போனான். வண்டிச் சத்தம் பஸ் நிலையத்துப் பக்கம் போகவில்லை. ஆற்றுப் பாலத்துப் பக்கம் போனது. 

ஒன்பதரைக்கெல்லாம் பையன்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நாற்காலி காலியாகவில்லை. மெஷினை ஓட்டிக்கொண்டே எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மேசைக்கும் நடுவில் வண்டிச் சக்கரம் அளவுக்கு இரும்புத் தட்டு. அதன் மேல் சிவப்பு விழுதில் ஊறிய கோழிக்கறி, முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, விரல் நீள அரிசிக் கொழுக்கட்டை, வெங்காயத்தாள் எல்லாம் மலைபோலக் குவிந்திருக்கும். தீ ஏற ஏற மலை இறங்கும். பரிமாறுகிற பொக்ஹீ இரண்டு கையிலும் தகட்டுக் கரண்டியோடு மேசைக்கு மேசை ஓடிக் கிண்டுவாள். கடைசியில் எள்ளிலையைக் கிழித்துப் போடுவாள். அந்த வாசனை என் கடை வரைக்கும் வரும்.

பத்தரைக்கு ஒரு டீ குடிக்கிற சாக்கில் எதிரே போனேன். பொக்ஹீ புருஷனை இழந்தவள், வாய் கொஞ்சம் நீளம். கதவருகிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. பெத்த புள்ளயக் காணோம். அந்த மனுசன் ஊரெல்லாம் அலையுது. இந்தம்மா ஒரு வார்த்த கேக்கல. விடியக்காலம் புடிச்சு கோழித்தொடைய எலும்பு எடுத்துக்கிட்டே இருக்கு. நாளைக்கு வேண்டியதையும் சேத்து எடுத்தாச்சு."

"சிலருக்குக் கவலை கையில எறங்கும் பொக்ஹீ."

"கவலையா? நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். மணியப் பாக்குது, வேலை செய்யுது. மணியப் பாக்குது, வேலை செய்யுது. வாசலப் பாக்கவே இல்ல."

அதற்குள் மல்சுன் கறித்தட்டோடு வெளியே வந்தாள். ஜன்னலோர மேசையில் மாசானிலிருந்து வந்த ஒரு அம்மா, அவள் மகன். பையன் தலை என் கைவேலைதான், அரைமணி முன்னால் முடித்தது. அவன் நன்றாகவே தின்றுகொண்டிருந்தான். அம்மாதான் ஒரு வாய் வைக்கவில்லை. பொறுக்கிப் பொறுக்கி அவன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் சாப்புடுங்க" என்றாள் மல்சுன்.

"எறங்க மாட்டேங்குது தாயி. ராத்திரி பூரா பஸ்ஸுல வந்தோம், இவன் என் தோள்ல தூங்கிட்டே வந்தான். கணக்குப் பாத்தா, இவன் என் மேல சாஞ்சு தூங்கி பத்து வருசம் ஆச்சு." சிரிக்கப் பார்த்தாள். "ஒனக்குப் பசங்க இருக்காங்களா?"

"ஒருத்தன்."

"பட்டாளம் போயிட்டு வந்துட்டானா?"

மல்சுன் தட்டைக் கிண்டினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. "ஆமா. வந்துட்டான்" என்றாள்.

பொக்ஹீ என்னைப் பார்த்தாள். நான் டீயைக் குடிக்காமலே திரும்பிவிட்டேன்.

பதினொன்றரைக்கு ஒருவனைப் பாதி வழித்த தலையோடு நாற்காலியில் உட்கார வைத்து, "ரெண்டு நிமிஷம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாக அவர்கள் சமையலறைக்குப் போனேன். மல்சுன் தரையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே கோழித்தொடைகள். கத்தி நுனியால் எலும்பின் ஓரமாக ஒரு கீறல், ஒரு இழுப்பு, கறி புத்தகம் மாதிரி விரிந்துவிடும். அன்றைக்குப் பாதிக் கறி எலும்பிலேயே தங்கியது.

"தங்கச்சி, அவன் எங்க போயிருக்கான்னு ஒனக்குத் தெரியும்."

கத்தி நின்றது. ரப்பர் கையுறையில் வெட்டு விழுந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. மிளகாயா ரத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

"நான்தான் அனுப்புனேன் அண்ணே."

"எங்க?"

"அணைக்கட்டுப் படகுத்துறைக்கு. ஏரிக்கு அந்தப் பக்கம் யாங்கு கரைல என் சித்தப்பா மகன் மீன் புடிக்கிறான். அங்க ஒரு மூணு நாள் இருடான்னேன். அப்புறம் காய்ச்சல்னு ஒரு டாக்டர் சீட்டு வாங்கிக்கலாம், கொஞ்ச நாள் தள்ளிப் போடுவாங்கன்னு..."

"யாரு சொன்னா தள்ளிப் போடுவாங்கன்னு? அது ஜெயிலு தங்கச்சி!"

"ஜெயில்னா உசுரோட இருப்பான்ல?"

 அவள் தம்பி மான்சுவை எனக்குத் தெரியும். அம்மா செத்த பிறகு இவள்தான் அவனை முதுகில் கட்டிச் சுமந்து வளர்த்தாள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவன் பட்டாளத்துக்குப் போனான். எட்டாம் மாதம் வெள்ளைத்துணி சுற்றிய ஒரு சாம்பல் பெட்டியாகத் திரும்பி வந்தான். கூட ஒரு தாள், ஐந்து வரி. விபத்து என்று இருந்தது. என்ன விபத்து என்று இல்லை. அந்தப் பெட்டியை அவள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் மான்சு பெயரை எடுத்ததில்லை.

"இன்மோ என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. அஞ்சு மணிக்கு எழுப்புனேன். என் மூஞ்சியப் பாத்தான். சரிம்மான்னு பைய எடுத்துக்கிட்டான். அவன் ரெண்டு வார்த்த எதுத்துப் பேசியிருந்தா எனக்கே புத்தி வந்திருக்கும் அண்ணே."

"தொக்பேகிட்ட சொல்லு."

"சொன்னா தரதரன்னு இழுத்துட்டு வந்து கேட்டுல விட்டுருவாரு."

"சொல்லலன்னா அவன் இன்னிக்கு என்ன ஆவான்னு எனக்குப் பயமா இருக்கு. பய ஆத்துல குதிச்சிட்டானோன்னு பாலத்துல நின்னு தண்ணியப் பாத்துக்கிட்டிருப்பான் ஒம் புருசன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

தொக்பே பதினைந்து நிமிஷத்தில் வந்தான். தலைமுடியிலும் மீசையிலும் பனித்தண்ணீர். பின்வாசலில் அடுக்கியிருந்த முட்டைக்கோஸ் மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"மூணு பாலமும் பாத்துட்டேன். பனில தண்ணியே தெரியல. ஒண்ணும் தெரியல. கூப்புட்டுப் பாத்தேன். போலீஸ்ல சொல்லலாம்னா, என்னன்னு சொல்றது? அடிச்சேன், ஓடிட்டான்னா?" உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "இந்தக் கை இருக்கே..."

மல்சுன் எழுந்தாள். கையுறையைக் கழற்றினாள். எனக்குச் சொன்னதையே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அவன் முன்னால் நின்று சொன்னாள். நான் நடுவில் பாயத் தயாராக நின்றேன்.

தொக்பே அசையவில்லை. "அப்ப உசுரோட இருக்கானா?" என்றான்.

"இருக்கான்."

அவனுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அது பாதியில் உடைந்தது. முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். ஓடிப்போய் போனை எடுத்தான்.

படகுத்துறை ஆளின் குரல் எனக்கே கேட்டது. காலை முழுக்கப் பனி, படகு எதுவும் போகவில்லை. முதல் படகு பதினொன்றுக்குத்தான் கிளம்பியது.

"ஒரு பையன், காது வரைக்கும் முடி. தோள்ல பை" என்றான் தொக்பே.

"ஆமா, இருந்தான். காலைல இருந்து கொட்டகைலயே உக்காந்திருந்தான். படகுக்குக் கூப்புட்டேன், ஏறல. டிக்கெட்ட ஒரு பெரியவருகிட்டக் குடுத்துட்டு அணை மேல நடந்து போனான்."

"அணை மேலயா? எந்தப் பக்கம்?"

"பனில எனக்கு எப்படித் தெரியும்?"

போனை வைத்தபோது மல்சுனின் உதட்டில் ரத்தமே இல்லை. அணை மேல் என்ற சொல் மூன்று பேர் காதிலும் ஒரே மாதிரிதான் விழுந்திருந்தது.

கடையில் எட்டு மேசையிலும் ஆள். அவள் ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டே முன்னால் போனாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. என் பையனும் இன்னிக்குத்தான் சேரணும். ஆனா அவனக் காணோம். நாங்க போய்த் தேடணும். நீங்களே கிண்டிக்குங்க. அடி புடிச்சாத் தீயக் கொறச்சுக்குங்க" என்றாள்.

 மாசான் அம்மா எழுந்து வந்து அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். போயிட்டு வந்துட்டான் என்று சொன்னாயே என்று கேட்கவில்லை. "போ தாயி, போ. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

என் நாற்காலியில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தவனைப் பக்கத்துக் கடைக்காரனிடம் ஒப்படைத்தேன். தொக்பேயின் கோழி ஏற்றும் சின்ன லாரியில் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டோம். கிளம்பும்போது பொக்ஹீ ஓடிவந்து அலுமினியத் தாளில் சுற்றிய பொட்டலத்தை ஜன்னல் வழியே மல்சுன் மடியில் வைத்தாள். "பய காலைல இருந்து ஒண்ணும் தின்னுருக்க மாட்டான்" என்றாள். 

பாதை முழுக்க பஸ்ஸும் காரும். எல்லாம் முகாமுக்குப் போகிறவை. பனி இன்னும் முழுசாக விலகவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தோம். தொக்பே ஹாரன் அடித்தான், திட்டினான், பிறகு திட்டுவதையும் விட்டான்.

"அவன் நீச்சல் நல்லா அடிப்பான்" என்றான் திடீரென்று.

"வாய மூடுய்யா" என்றாள் மல்சுன்.

முகாமைத் தாண்டித்தான் அணைக்கட்டுக்குப் போக வேண்டும். கேட் பக்கத்தில் வந்ததும் அவள் அவன் கையைப் பிடித்தாள். "நிறுத்து. இங்க ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவோம்."

"இங்க எதுக்கு வரப் போறான்? நீதான் வராதடான்னு அனுப்பிட்டியே. நேரம் போவுது."

"நிறுத்துன்னா நிறுத்து!"

நிறுத்தினான். கேட்டில் ஒரு சிப்பாய், முகப்பரு இன்னும் ஆறாத முகம், கையில் பட்டியல். மல்சுன் பெயரைச் சொல்லவே திக்கினாள். நான்தான் சொன்னேன். "பியோ இன்மோ."

அவன் விரல் தாளில் இறங்கியது. ஒரு பக்கம் திருப்பினான். இன்னொரு பக்கம். அந்த விரலை விட மெதுவாக நகர்ந்த ஒன்றை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

"வந்தாச்சு. பன்னெண்டே காலுக்கு" என்றான். அப்புறம் நிமிர்ந்து, "ஓ, அந்த முடி வெட்டாத ஆளா? தனியா வந்தாரு. கூட யாரும் வரலையான்னு கேட்டேன். வீட்ல தக்கல்பிக் கடை, செவ்வாக்கெழம ஏகப்பட்ட கூட்டம், அப்பா அம்மாவால வர முடியாதுன்னாரு" என்றான்.

மல்சுன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தொக்பே அந்தச் சிப்பாய்க்கு, தன் மகன் வயதுக்காரனுக்கு, இடுப்பு வளைத்துக் கும்பிடு போட்டான்.

"கொஞ்சம் பாக்க முடியுமா தம்பி? இத மட்டும் குடுத்துடறேன்" என்று பொட்டலத்தை நீட்டினாள் அவள்.

"உள்ள எதுவும் கொண்டு போகக் கூடாதும்மா. ரெண்டு மணிக்கு மைதானத்துல நிப்பாங்க. அங்க இருந்து பாக்கலாம்."

மைதானத்தின் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி இருக்கை. ஜனம் நெரிந்தது. தாத்தாக்கள், காதலிகள், கைக்குழந்தைகள். இரண்டு மணிக்கு ஒலிபெருக்கி கூப்பிட்டதும் பக்கத்தில் நின்றவன் எல்லாம் அம்மாவின் கையை உதறிவிட்டு மைதானத்துக்கு ஓடினான். பனி அப்போதுதான் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஆயிரம் தலைகள், எல்லாம் ஒன்றுபோல் வழித்தவை. முப்பது வருஷமாக மொட்டை போடுகிற எனக்கே ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. அதற்குள் மல்சுன் என் தோளைக் கிள்ளினாள்.

"அதோ. அஞ்சாவது வரிசை. முடி!"

கறுப்பாக, கலைந்து, ஒரே ஒரு தலை.

பெற்றோருக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்கள். வரிசை மொத்தமும் நெற்றியில் கை வைத்து இருக்கைப் பக்கம் திரும்பியது. இன்மோவும் திரும்பினான். ஆனால் அவன் கண் எங்கேயும் தேடவில்லை. தேட யாரும் இல்லை என்றுதானே வந்திருக்கிறான். கூட்டத்துக்கு மேலே, மலைப்பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். மல்சுன் கத்தினாள். பாண்டு வாத்தியம் அதை விழுங்கியது. சுற்றிலும் ஆயிரம் அம்மாக்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

தொக்பே இருக்கை மேல் ஏறினான். கையைக் குவித்து வாயில் வைத்தான். சந்தில் அவன் கோழி லாரியை நிறுத்தக் கூப்பிடுகிற குரல் அது. "இன்மோ! வந்துட்டோம்டா! ரெண்டு பேரும் வந்துட்டோம்! பயப்படுறதுல தப்பில்லடா! நானும் பயந்தேன்டா!"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான். மைதானத்தில் அந்த முடி திரும்பியது. எங்களைக் கண்டுபிடித்தது. நெற்றியில் வைத்த கையை எடுக்கக் கூடாது, அவனும் எடுக்கவில்லை. ஆனால் மூக்குக்குக் கீழே எல்லாம் கோணிக்கொண்டு போனது. சின்னப் பிள்ளையில் கீழே விழுந்து, அழலாமா என்று யோசிக்கும்போது இப்படித்தான் கோணும்.

அவ்வளவுதான். வரிசை திரும்பி, கட்டடத்துக்குப் பின்னால் போய்விட்டது. வாத்தியம் பட்டென்று நின்றது.

 நான்கு மணிக்குக் கடைக்கு வந்தபோது எட்டு மேசையும் காலி. இரும்புத்தட்டுகளைச் சுரண்டிக் கழுவி எண்ணெய் தடவி வைத்திருந்தது. "நான் தொடவே இல்ல. எல்லாம் அந்த மாசான்காரம்மா கிண்டி, பரிமாறி, வந்த அம்மாமாருங்களையே வேலை வாங்கிட்டு, ஒரு மணிக்கு மகனக் கூட்டிக்கிட்டுப் போச்சு" என்றாள் பொக்ஹீ. அப்புறம் எங்கள் முகத்தைப் பார்த்து, "போயிட்டானா?" என்றாள்.

"போயிட்டான்."

மல்சுன் கையில் பொட்டலம் அப்படியே இருந்தது. தொக்பே அதை வாங்கி, ஜன்னலோர மேசையில் அடுப்பைப் பற்ற வைத்துத் தட்டில் கொட்டினான். அந்தக் கடையில் வாடிக்கைக்காரர்கள் உட்காரும் மேசையில் அவர்கள் இருவரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவன் கிண்டினான். அவனுக்கு அந்த வேலை வராது. கொழுக்கட்டை தட்டில் ஒட்டிக்கொண்டது. பெரிய துண்டாகப் பார்த்து அவள் கிண்ணத்தில் வைத்தான்.

"அங்க என்ன பண்ணுவாங்களோ" என்றாள் அவள். "ராத்திரி குளுரும். மெல்லிசு சட்டைதான் போட்டுட்டுப் போயிருக்கான்."

"சட்டை குடுப்பாங்க."

"மான்சுக்கும் குடுத்தாங்க."

அந்தப் பெயர் மேசை மேல் விழுந்ததும் பொக்ஹீ துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். தொக்பே கரண்டியைக் கீழே வைத்தான்.

"பதினாறு வருசமா நான் கேக்கல" என்றான். "கேட்டா நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன். அது பொய். நான் தாங்க மாட்டேன்னுதான் கேக்கல. ஒனக்கு என்ன தெரியுமோ அதச் சொல்லு."

அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அங்கே எனக்கு வேலை இல்லை. எழுந்தேன். பொக்ஹீயையும் கண்ணால் கூப்பிட்டேன். அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அதிசயமாக, வாய் திறக்காமல் வந்தாள்.

கதவைச் சாத்தும்போது மல்சுன் பேச ஆரம்பித்திருந்தாள்.

"அவன் செத்ததுக்கு முந்தின வாரம் ஒரு கடுதாசி வந்துச்சு. அக்கா, இங்க என்னைத் தூங்கவே விட மாட்டேங்குறாங்க, யாராவது வந்து கேளுங்கன்னு எழுதியிருந்தான். அன்னிக்குக் கடை தெறந்து மூணாம் நாளு. நல்ல கூட்டம். அடுத்த வாரம் போலாம்னு இருந்துட்டேன்..."

தொக்பே குனிந்து அடுப்பை அணைத்தான்.